கடைமடை ஐயாவின் கால்கள்

மூன்று வருடமாக நான் "ஐயா" என்று அழைத்து வந்தவர் ஒரு பெண் என்று தெரிந்த அதே நிமிடத்தில், அவர் சுயமாக மூச்சுவிட முடியாமல் இயந்திரத்தின் துணையில் கிடக்கிறார் என்பதும் தெரிந்தது. இரண்டில் எதற்கு முதலில் திடுக்கிடுவது என்று புரியாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மொபைல் எல்லார் சட்டைப் பைக்கும் வந்துவிட்ட, இணையம் மட்டும் இன்னும் மேசையை விட்டு இறங்காத காலம் அது. டெல்டாக்காரர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுமம் இருந்தது. பாதிப் பேர் துபாய், மஸ்கட், சிங்கப்பூர். மீதிப் பேர் ஊரில். வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வயல் நினைப்பு, ஊரில் இருந்தவர்களுக்கு வெளிநாட்டு நினைப்பு. நெல் ரகம், உரத் தட்டுப்பாடு, பட்டா மாறுதலுக்கு அலைந்த கதை என்று எல்லாம் எழுதுவோம். சண்டையும் போடுவோம். அதில் நான் முன்வரிசை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற எனக்கு, தலைமையாசிரியர் முன்னால் மூடி வைத்த வாயைத் திறந்துவிட ஓர் இடம் வேண்டியிருந்தது.

குழுமத்தில் தினமும் காலையில் முதல் மடல் ஒருவரிடமிருந்துதான் வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். கீழே ஒரே ஒரு வரி. "ஆசைப்பட வேண்டாம்" என்று இருக்கும். அல்லது "விதை நெல்லை வெளியே எடுக்கலாம், கோட்டை கட்ட வேண்டாம்" என்று இருக்கும். அதற்கும் கீழே, பெயருக்குப் பதிலாக, "கடைமடையிலிருந்து".

வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாய்கிற வயல்கள் தலைமடை, கடைசியாக வந்து சேர்கிற வயல்கள் கடைமடை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அப்பா பிற்பாடு சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கினார். அதிர்ஷ்டத்துக்கு அது தலைமடையில் அமைந்தது. எங்கள் ஊரில்தான் குடமுருட்டி ஆறு காவிரியை விட்டுப் பிரிகிறது. அது பாபநாசம் பக்கம் போய்ச் சேரும்போது கடைமடை ஐயாவின் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும். "நாங்கள் குளித்துவிட்டு அனுப்புகிற தண்ணீர்தானே உங்களுக்கு" என்று நான் எழுதுவேன். "சோப்பு வாசனையில் தெரிந்தது" என்று பதில் வரும். வரப்பிலேயே வாழ்ந்து வயதாகிப்போன, குறும்பு மட்டும் குறையாத ஒரு பெரிய விவசாயியாக அவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். குழுமமே அப்படித்தான் வைத்திருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை நீர்மட்டம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் அதே முகவரியிலிருந்து ஒரு மடல் வந்தது. எழுதியவர் துபாயில் ஒரு கடையில் வேலை பார்க்கிறவர். "நான் அவருடைய கணவர். நான் அனுப்பிய கணினியில்தான் என் மனைவி உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கால் மரத்துப்போய் ஆரம்பித்தது. நாலு நாளில் கழுத்து வரை வந்துவிட்டது, மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். நான் டிக்கெட்டுக்கு அலைகிறேன். பக்கத்தில் யாராவது இருந்தால் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்."

எனக்குத்தான் பக்கம். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவருடைய மாமியார் துஆ ஓதிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லத் தெரியவில்லை. "குரூப்புல பழக்கம்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "போய்ப் பாருங்கம்மா, பேசினா காதுல விழும்னு சொல்றாங்க" என்றார்.

உள்ளே இருந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. தொண்டையில் குழாய். முகம் உட்பட எதுவும் அசையவில்லை, கண்கள் மட்டும் அசைந்தன. ஆம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை இமைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில், "ஐயா, நான்தான் திருக்காட்டுப்பள்ளி" என்றுவிட்டேன்.

அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. பிறகு அவற்றில் ஏதோ ஒன்று நடந்தது. ஓரத்தில் சுருக்கம் விழவில்லை, விழவும் முடியாது. ஆனாலும் அது சிரிப்புதான். முகத்தில் ஒரு தசைகூட உதவாத நிலையில் ஒரு ஆள் சிரிக்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

குய்லான் பாரே என்று வாயில் நுழையாத பெயரைச் சொன்னார் டாக்டர். வந்து போன ஏதோ ஒரு காய்ச்சலை விரட்டக் கிளம்பிய உடம்பின் காவல் படை, வழி தவறித் தன் நரம்புகளின் மேலுறையையே தின்னத் தொடங்கிவிட்டது என்று விளக்கினார். தின்பதை மருந்து கொடுத்து நிறுத்தலாம். உறை மறுபடி வளர்வதை மட்டும் யாரும் அவசரப்படுத்த முடியாது. பல பேருக்கு அசைவு முழுசாகத் திரும்பும், சில பேருக்குக் கொஞ்சம் குறையை மிச்சம் வைத்துவிடும். "கால்தான் கடைசி. அது எவ்வளவு வரும்னு ஒரு வருஷம் போனாத்தான் சொல்ல முடியும்" என்றார். நரம்புப் பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். படம் வரைந்து பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். பிள்ளைகள் தப்பாகக் குறித்தால் தலையில் குட்டியிருக்கிறேன். ஒரு விரல் அசைவதற்குப் பின்னால் இவ்வளவு தூரம் சேதி பயணம் போகிறது என்பதை ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. அன்று பஸ்ஸில் என் செருப்புக்குள் கட்டைவிரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதன்பிறகு தினமும் நீர்மட்டத்தை நானே பார்த்துக் குறித்துக்கொண்டு போய் அவர் காதருகே படித்தேன். குழுமத்தில் வந்த மடல்களை அச்செடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். அவர் ஐயா அல்ல என்று குழுமம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். பெரும்பாலானவர்கள் "ஐயா" என்றே தொடங்கினார்கள், பழகிவிட்டது. தினம் சண்டை போட்ட ஒரு சிங்கப்பூர்க்காரர், "போன வருடம் உரம் பற்றி நீங்கள் சொன்னதுதான் சரி, எழுந்து வந்து என்னைத் திட்டுங்கள்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது அவர் ஒரு தடவை இமைத்தார். பிறகு இன்னொரு தடவை. இல்லை என்று சொல்கிறாரா, ஆமாம் ஆமாம் என்கிறாரா என்று தெரியவில்லை. மாதங்கள் கழித்துக் கேட்டேன். "ரெண்டு தடவை ஆமான்னேன்" என்றார்.

கணவர் வந்தார், இரண்டு மாதம் பக்கத்திலேயே இருந்தார். தொண்டைக் குழாய் எடுக்கப்பட்டது. ரமலானில் பாபநாசம் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியை மாமியார் நீர்க்க வடித்து ஒரு ஸ்பூன் ஊட்டினார். அது விக்காமல் உள்ளே போனது. விழுங்குவது ஒரு காரியம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறி இறங்கியதும் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்பூனை எடுத்தார்.

விடுப்பு முடிந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றார் கணவர். கூடாது என்றார் இவர். "மச்சான் துபாய்ச் சபர்ல இருந்தாத்தான் வைத்தியம் நடக்கும். நான் எங்கயும் போயிட மாட்டேன், போறதுக்குக் காலு வேணுமே." பேச்சு வந்ததும் குறும்பும் கூடவே வந்துவிட்டது.

நான் சனி, ஞாயிறுகளில் போனேன். திரும்புவது மேலிருந்து கீழாகத்தான் நடந்தது. முகம், தோள், கை, முதுகு. "வந்ததுதான் கீழேர்ந்து வந்துச்சு. போறது மேலேர்ந்துதான் போவும்" என்றார் ஒரு நாள். "பாத்தீங்களா டீச்சர், முதல்ல காயறதும் கடைமடை, கடைசில நனையறதும் கடைமடை. எனக்கு இதெல்லாம் பழக்கம்தான்." சொல்லிவிட்டுப் போர்வைக்கு வெளியே தெரிந்த தன் பாதங்களைப் பார்த்தார். அவை யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருட்களைப் போலக் கிடந்தன. நான் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துவேன். எந்த விரல் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும்.

தை பிறந்த வாரத்தில் அவருடைய வலது முழங்கால் படுக்கையிலிருந்து மேலே எழும்பியது. என் கண்ணெதிரே எழும்பியது. ஒரு சாண் இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே குழுமத்தில் போட்டேன். "தண்ணீர் வந்துவிட்டது. ஐயா மாசிக்குள் நடப்பார்." அணை திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த உடனேயே நாற்றங்கால் தயார் செய்கிற ஊர் எங்களுடையது. தலைமடையில் அது பலித்துவிடும். செய்திக்குப் பின்னாலேயே தண்ணீரும் வந்து நிற்கும். அதே நம்பிக்கையில் விதைத்துவிட்டு, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில் நிற்கிறவர்கள் கடைமடையில் இருக்கிறார்கள் என்பதைத் தினமும் அவர் மடலில் படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

பொங்கலுக்கு ஊர் வந்திருந்தவர்கள் ஒரு வேன் பிடித்து ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். ஒன்பது பேர். ஒருவரையொருவர் அன்றுதான் முதல்முறை பார்க்கிறோம். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது பூத்தூவுவார்களே, அதற்குக் கொண்டுபோவது போல ஒரு கூடை சாமந்தி வேறு. என் மடலை நம்பி வந்தவர்கள். அவர் நடப்பதைப் பார்க்க வந்தவர்கள். இவர் அவர்களுடைய முகங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொண்டார்கள். மாமியார் வைத்த பிரியாணியைச் சாப்பிட்டு முடிக்கிற வரை உட்காருவதும் நிற்பதுமாக இருந்தார். கம்பியைப் பிடித்திருந்த விரல் கணுக்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேன் கிளம்பிய பிறகு, படுக்கைக்குத் திரும்பும்போது விழுந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் மறுநாள் முழங்கால் எழும்பவில்லை. அடுத்த வாரமும் எழும்பவில்லை. கைகூடச் சோர்ந்துவிட்டது, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிசியோதெரபி கொடுக்க வருகிற பெண் என்னைத்தான் பிடித்தார். "டீச்சர்னு சொல்றீங்க, இது தெரியாதா உங்களுக்கு? இப்பத்தான் உறை மூடிக்கிட்டு வர்ற நரம்பு. அளவுக்கு மேல வேலை வாங்கினா சோர்ந்து உக்காந்துரும். நீங்க ஊரைக் கூட்டித் திருவிழா நடத்தியிருக்கீங்க." சண்டையில் முன்வரிசை என்று சொன்னேனே, அந்த நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தஞ்சாவூர் வரை அழுதுகொண்டு போனேன். அவருடைய ஒரு வருடத்தில் பாதி தீர்ந்திருந்தது. மிச்சத்தையும் நான்தான் வீணடித்தேனோ என்று பயந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அவரே போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

"ஏன் வரல?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?"

"உங்களுக்குத்தான் மூஞ்சி நல்லா அசையுதே, அதை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நிக்கணும்னு நீங்களா சொன்னீங்க? எனக்கும்தான் ஆசையா இருந்துச்சு. எல்லாரும் ஒரே நாள்ல மடையைத் திறந்தா வயலு தாங்குமா டீச்சர்? முறை வைங்க."

தண்ணீர் குறைந்த வருடத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்ததற்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் திறப்பார்கள். முறை இல்லாத நாளில் மடையைத் தொடுகிறவனை ஊர் சும்மா விடாது. அவர் சொல்லச் சொல்ல நான் அட்டவணை எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஆள். பக்கத்தில் இருப்பவர் நேரில், தூரத்தில் இருப்பவர் போனில். பதினைந்து நிமிடம்தான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது, வயலைப் பற்றிப் பேச வேண்டும். நடந்ததைக் குழுமத்தில் எழுதக் கூடாது. அன்றைய நீர்மட்டத்தை மட்டும் அன்றைய முறைக்காரர் எழுத வேண்டும்.

அந்த முறை ஐந்து மாதம் பிசகாமல் ஓடியது. இதுதான் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு. ஒரு கல்யாணத்துக்குக்கூடச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரத் தெரியாத ஜனங்கள் நாங்கள். மஸ்கட்டில் லாரி ஓட்டுகிற ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் பேசிவிட்டுப் போவார். எழுதினால் கொம்பு முளைத்தது போல எழுதுகிற ஒரு மிராசுதார் வீட்டுக்காரர் தன் முறைக்கு நேரில் வந்து, என் அப்பாவைப் போன்ற கூலிக்காரரோடு ஒரு நாளும் சமமாக உட்கார்ந்திராத மனிதர், நான் விரல் அழுத்துவதைப் பார்த்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்து இடது காலை எடுத்துக்கொண்டார். அந்தச் சிங்கப்பூர்க்காரர் ஆசை தாங்காமல் முறையில்லாத நாளில் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார். அவரை ஒரு வாரம் முழுக்க நீர்மட்டம் எழுத வைத்தோம். முழங்கால் திரும்பியது. இடுப்பு திரும்பியது. சித்திரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதை ஒருவரும் எழுதவில்லை. வைகாசியில் கூடத்தைக் குறுக்கே கடந்தார், அதையும் எழுதவில்லை. பாதங்கள் மட்டும் தொங்கின. பிளாஸ்டிக் அச்சுக்குள் அவற்றைப் பொருத்தி வைத்துத்தான் நடக்க வேண்டும். விரல் எது என்று கேட்டால் இன்னும் தெரியவில்லை. டாக்டர் சொன்ன ஒரு வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிசியோதெரபி பெண் பாதத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆனி கடைசியில் அணை திறந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வந்த காலை, பாலத்திலிருந்தே போன் செய்தேன்.

"வந்துருச்சு."

"உங்களுக்கு வந்துருச்சு" என்றார் கடைமடை ஐயா.

அதற்கு ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, என் முறை. போனபோது அவர் வாக்கரோடு கொல்லைக் கதவருகே தயாராக நின்றிருந்தார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அவர்கள் வயல் வாய்க்கால். மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அந்த தூரத்தைக் கடக்க நாற்பது நிமிடம் ஆனது. வாய்க்கால் ஓரம் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தோம். அச்சைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். வாய்க்காலுக்குள் காய்ந்து வெடித்த மண்ணில் இரண்டு பாதங்களையும் நானே எடுத்து வைத்தேன். பிறகு காத்திருந்தோம்.

தண்ணீர் ஓடி வரவில்லை. சருகும் நுரையும் எறும்பும் முன்னால் வர, வெடிப்பு வெடிப்பாக நிரப்பிவிட்டு, ஒரு அடி வந்து நின்று, மறுபடி ஒரு அடி வந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது பாதங்களைச் சுற்றிக்கொண்டு கணுக்கால் வரை ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பது முறை.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"ஏதோ ஒண்ணு வந்து இடிக்குது. வலது காலு. கட்டை விரலு."

குனிந்து பார்த்தேன். கலங்கல் தண்ணீரில் ஒரு வேப்பங்குச்சி மிதந்து வந்து அவருடைய வலது கட்டை விரலில் முட்டிக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் லேசாக உள்ளே மடங்கி, வெளியே வந்தது. குச்சி விலகித் தண்ணீரோடு போனது.

"தள்ளிட்டேனா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"தள்ளிட்டீங்க ஐயா" என்றேன். மாமியார் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. கொஞ்சம் ஆறியதும், "குரூப்புல போடவா?" என்று கேட்டேன்.

"பொறுங்க, தலைமடை. நாளைக்கும் தள்ளுதான்னு பாப்போம்."

மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி இருந்ததில்லை. நான்காம் நாள் காலை குழுமத்தின் முதல் மடல், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, அந்தப் பழைய முகவரியிலிருந்து வந்தது. நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். கீழே ஒரு வரி. "வாய்க்காலில் ஒரு குச்சியைக் காலால் தள்ளினேன், நான்கு நாளும் தள்ளினேன்." அதற்கும் கீழே, எப்போதும்போல, "கடைமடையிலிருந்து".